அடியும் சிரிப்பும் ஒரே அசைவில்: பழைய ஹாங்காங் குங்ஃபூ நகைச்சுவைப் படங்களுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

தமிழ் டப்பிங்கில் ஜாக்கி சான் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் குங்ஃபூ நகைச்சுவை புதிதல்ல. ஏணி, நாற்காலி, பெஞ்சு என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் ஆயுதமாக்கி, அடி வாங்கி முகத்தைச் சுளித்து, கடைசியில் எப்படியோ ஜெயித்துவிடும் அந்த மனிதரை நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பலருக்கு இந்த வகைப் படங்களோடான பழக்கம் அவர் ஒருவரோடு நின்றுபோகிறது. 1975 முதல் 1980களின் முன்பாதி வரை ஹாங்காங்கில் இப்படிப்பட்ட படங்கள் வரிசையாக வந்தன. அவற்றுள் ஆகச் சிறந்தவை என்று நான் கருதும் சிலவற்றில் ஜாக்கி சான் இல்லவே இல்லை.

இந்தப் படங்களை நேசிப்பவர்கள் ஓயாமல் வாதாடுவார்கள். முதல் குங்ஃபூ நகைச்சுவை எது, இயக்குநர்களில் லாவ் கார்-லியுங் பெரியவரா சாமோ ஹங் பெரியவரா, பாதியில் இருண்டுவிடும் படத்தை நகைச்சுவை என்று சொல்லலாமா என்று அந்தப் பட்டியல் நீளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பெயர்களை வீசி விளையாடுவதுபோலத் தெரியலாம். உள்ளே வந்தால் அத்தனையும் காட்சிகளைப் பற்றிய பேச்சு என்பது புரியும். அந்தப் பேச்சில் கலந்துகொள்ளும் அளவுக்கு ஒருவரைத் தயார்செய்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. எந்தப் படத்தில் தொடங்குவது, எந்தப் பிரதியைத் தேடுவது, எதைக் கவனிப்பது, எதை வைத்து வாதாடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் படி: தெரிந்த படத்தைக் கையில் ஒரு கேள்வியோடு மறுபடி பாருங்கள்

ஜாக்கி சான் மாணவனாக நடித்து 1978-ல் வந்த ‘டிரங்கன் மாஸ்டர்’ படத்தில் தொடங்குங்கள். இயக்கியவர் யுவென் வூ-பிங்; பின்னாளில் ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தின் சண்டைகளை அமைத்தவர் என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். குடிகார ஆசானாக நடித்த யுவென் சியூ-டியென் அவருடைய தந்தை. அதே ஆண்டில் அதே கூட்டணி எடுத்த ‘ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ’ இதற்கு முன் வந்துவிட்டது. இரண்டையும் தயாரித்தவர் ங் சீ-யுவென்.

இந்தப் படத்தில் ஆசான் சொல்லித்தரும், சீனப் புராணங்களில் வரும் எட்டு அமரர்களின் ‘போதை’ அசைவுகளில் எட்டாவது, பெண் அமரருடையது. அது பெண்களுக்கானது என்று நினைத்து மாணவன் அதைப் பயிலாமல் விட்டுவிடுகிறான். கடைசிச் சண்டையில் மற்ற ஏழும் தீர்ந்த பிறகு எட்டாவதுதான் தேவைப்படுகிறது. கற்காததை எப்படிச் செய்வது? தெரிந்தவற்றைக் கலந்து அந்த இடத்திலேயே ஒன்றைப் படைக்கிறான். தலை கோதுவதும் நளினமாக ஒதுங்குவதும் நமக்குச் சிரிப்பு. எதிரிக்கு அதே அசைவுகள்தான் அடி.

உங்கள் கேள்வி இங்கே பிறக்கிறது. படத்திலிருந்து நகைச்சுவையை உருவி எடுத்தால் சண்டை அப்படியே நிற்கிறதா? சண்டையை எடுத்தால் சிரிப்பு தனியாக மிஞ்சுகிறதா? இரண்டும் பிரிந்து நிற்க முடிந்தால், அது நகைச்சுவைக் காட்சிகளும் சண்டைக் காட்சிகளும் அடுத்தடுத்து ஒட்டப்பட்ட படம். பிரிக்கவே முடியாவிட்டால் அது உண்மையான குங்ஃபூ நகைச்சுவை. நான் எந்தப் படத்தையும் இந்த ஒரு கேள்வியால்தான் நிறுக்கிறேன். மற்றவர்கள் வேறு அளவுகோல் வைத்திருக்கலாம். ஆனால் ஏதாவது ஓர் அளவுகோல் இல்லாமல் இந்த வாதத்துக்குள் நுழைந்தால் ‘எனக்குப் பிடித்தது, உனக்குப் பிடிக்கவில்லை’ என்பதைத் தாண்டிப் பேச்சு நகராது.

இரண்டாம் படி: நல்ல பிரதியைத் தேடுங்கள்

இதை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். கெட்ட பிரதியில் பார்த்துவிட்டு ‘இதில் என்ன இருக்கிறது’ என்று ஒதுக்கப்பட்ட நல்ல படங்கள் நிறைய.

ஹாங்காங்கின் பெரிய படத் தயாரிப்பு நிறுவனமான ஷா பிரதர்ஸ் தன் படங்களை அகலத்திரையில் எடுத்தது. பழைய வீடியோ கேசட்டுக்கும் தொலைக்காட்சிக்கும் மாற்றியபோது பக்கங்களை வெட்டினார்கள். இருவர் மோதும் சண்டையில் அடிப்பவர் திரையில் இருப்பார், அடி வாங்குபவர் வெளியே போயிருப்பார். குங்ஃபூ நகைச்சுவையில் அடி வாங்குபவரின் உடல்தான் பாதிச் சிரிப்பு. எனவே முழு அகலமும் தெரியும் பிரதியை மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள். ஷா பிரதர்ஸ் படங்களின் உரிமையை வாங்கிய செலஸ்டியல் பிக்சர்ஸ் 2000களின் தொடக்கத்திலிருந்து அவற்றைச் சீர்செய்து வெளியிட்டது. அதன் பிறகுதான் பலர் இவற்றை ஒழுங்காகப் பார்க்கவே முடிந்தது. ப்ளூ-ரே வாங்க நினைத்தால், ஆரோ நிறுவனம் ‘ஷாஸ்கோப்’ என்ற பெயரில் பெட்டித் தொகுப்புகளை வெளியிட்டிருக்கிறது. முதல் தொகுப்பில் ‘டர்ட்டி ஹோ’, ‘ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்’ இரண்டும் இருக்கின்றன; இரண்டாவதில் ‘மேட் மங்கி குங்ஃபூ’, ‘மை யங் ஆன்ட்டி’. யுரேகா, 88 ஃபிலிம்ஸ் ஆகிய பிரிட்டிஷ் நிறுவனங்களும் இந்தக் காலப் படங்களை வெளியிட்டுவருகின்றன. வட்டு எந்த மண்டலத்துக்கு உரியது, உங்கள் இயந்திரம் அதை ஏற்குமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அடுத்தது ஒலி. அந்தக் காலத்தில் ஹாங்காங்கில் பெரும்பாலான படங்களை ஒலி பதிவுசெய்யாமல் எடுத்துவிட்டுப் பிறகு குரல் சேர்த்தார்கள். கான்டனீஸ், மாண்டரின், ஆங்கிலம் எல்லாமே பின்னால் சேர்த்தவைதான். ஆகவே உதடு பொருந்தவில்லை என்பதை ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டு வாதத்துக்கு வராதீர்கள். ஆங்கில டப்பிங்கில் இளமையில் பார்த்துப் பழகிய ரசிகர்கள் அதைத்தான் விரும்புவார்கள். அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் புதிதாக வருபவர் சீன மொழி ஒலித்தடத்தையும் சப்டைட்டிலையும் தேர்ந்தெடுப்பது நல்லது. ‘மை யங் ஆன்ட்டி’ படத்தில் ஹாங்காங்கில் படித்துவிட்டு வந்த பையன் பேச்சுக்கிடையே ஆங்கிலத்தைத் தூவிப் பெருமை அடிப்பான். எல்லோரும் ஆங்கிலம் பேசும் பிரதியில் அந்தப் பெருமைக்கு ஏது இடம்?

தேடும்போது பெயரை நம்பாதீர்கள். ஆண்டையும் இயக்குநரையும் சேர்த்துத் தேடுங்கள். ‘என்டர் தி ஃபேட் டிராகன்’ என்று 1978-ல் சாமோ ஹங் எடுத்த படமும் உண்டு. 2020-ல் டானி யென் நடித்து வந்த படமும் உண்டு. 1979-ல் வந்த ‘தி ஷேடோ பாக்சிங்’ வேறொரு படத்தின் இரண்டாம் பாகம் என்ற பெயரிலும் உலவுகிறது. இந்தக் குழப்பத்தாலேயே ஒரு படத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்து இரண்டு படங்களைப் பற்றி வாதாடுபவர்கள் உண்டு.

மூன்றாம் படி: ‘டர்ட்டி ஹோ’ படத்தைப் பாருங்கள்

அதிகம் பேசப்படாத படங்களுக்குள் கூட்டிப்போக ஒரே ஒரு வாசல்தான் திறக்கலாம் என்றால் நான் திறப்பது இதை. 1979-ல் லாவ் கார்-லியுங் ஷா பிரதர்ஸுக்காக எடுத்தது. கோர்டன் லியு பேரரசரின் மகன்களில் ஒருவர். அரியணையில் ஆசையில்லை, நல்ல மதுவும் பழம்பொருள்களும் ஓவியங்களும் போதும் என்று நகை வியாபாரி வேடத்தில் ஊர் சுற்றுகிறார். அவருடைய சகோதரர்களில் ஒருவர் அவரைக் கொல்ல ஆள் ஏவுகிறார். வோங் யு நடித்த ஹோ ஒரு நகைத் திருடன். முரடன், தற்பெருமைக்காரன். இவர்கள் இருவரும் ஆசானும் சீடனும் ஆவதுதான் கதை.

இளவரசர் தனக்குக் குங்ஃபூ தெரியும் என்பதை யாருக்கும் காட்டக்கூடாது. இந்த ஒரு விதியிலிருந்து லாவ் கார்-லியுங் படம் முழுவதற்குமான சண்டைகளை உருவாக்குகிறார். ஹோ தாக்க வரும்போது இளவரசர் ஒரு இசைக்காரப் பெண்ணைத் தன் மெய்க்காவலர் என்று சொல்லி முன்னே நிறுத்துகிறார். காரா ஹுய் அந்தப் பெண். அவளுக்குச் சண்டை தெரியாது. இளவரசர் அவள் பின்னால் ஒளிந்துகொண்டு, பாவைக்கூத்தில் பாவையை ஆட்டுவதுபோல் அவள் கைகளையும் கால்களையும் இயக்குகிறார். ஹோவுக்கு அவள் பெரும் வீராங்கனையாகத் தெரிகிறாள். அவளோ நடப்பது புரியாமல் விழிக்கிறாள். மூன்று உடல்கள், ஒரே ஒருவரின் சண்டை. இந்தக் காட்சியிலிருந்து சிரிப்பை எப்படிப் பிரிப்பீர்கள்?

அடுத்து வரும் மது விருந்துதான் இந்த வகைப் படங்களின் உச்சம் என்பது என் முடிவு. இளவரசரை விருந்துக்கு அழைத்தவர் அவரைக் கொல்ல வந்தவர். வாங் லுங்-வெய் அந்த வேடத்தில். இருவரும் மதுவை முகர்கிறார்கள், நிறத்தைப் பாராட்டுகிறார்கள், ஒருவருக்கொருவர் மரியாதையாகக் கோப்பை நீட்டுகிறார்கள். நீட்டும் கை குத்து. ஏற்கும் கை தடுப்பு. மேசைக்குக் கீழே கால்கள் மோதுகின்றன. மேசைக்கு மேலே உபசாரம் தொடர்கிறது. ஒரு துளி சிந்தினாலும் நாகரிகம் குலைந்துவிடும் என்பதால் இருவருமே சிந்தாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே அமர்ந்து குடிக்கும் ஹோவுக்கு எதுவும் தெரியாது. பழம்பொருள் பார்க்கப் போகும் இடத்தில் இதே உத்தி வேறு பொருள்களோடு திரும்ப வருகிறது.

இந்தப் படத்தின் மீது சொல்லப்படும் குறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். கதை நடுவில் தளர்கிறது என்பார்கள், உண்மைதான். வோங் யுவின் முகச்சேட்டை அதிகம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்தில் கோர்டன் லியு அவ்வளவு அடக்கமாக நடிக்கும்போது அந்தச் சேட்டை தேவைப்படுகிறது. முடிவு வெட்டிவிட்டதுபோல் சட்டென்று வருகிறது என்பார்கள். அந்தக் காலப் படங்கள் பல அப்படித்தான் முடியும்: சண்டை முடிந்தால் படம் முடிந்தது.

நான்காம் படி: மூன்று குடும்பங்களை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்

இந்தப் படங்களை எடுத்தவர்கள் எங்கே பயின்றார்கள் என்று தெரிந்தால் படங்களுக்கு இடையிலான வேறுபாடு தானாக விளங்கும்.

லாவ் கார்-லியுங் உண்மையான குங்ஃபூ மரபில் வந்தவர். தென்சீனத்தின் புகழ்பெற்ற வீரர் வோங் ஃபெய்-ஹுங்கின் சீடர் லாம் சாய்-விங். அவருடைய சீடர் லாவின் தந்தை. இந்த மரபு அவர் நகைச்சுவையின் தன்மையையே தீர்மானிக்கிறது. அவர் படங்களில் சிரிப்பு ஒழுக்கத்திலிருந்து பிறக்கிறது. மரியாதை, முறை, மூத்தவர் இளையவர் என்ற அடுக்கு ஆகியவற்றை யாராவது குலைக்கும்போது சண்டையும் சிரிப்பும் சேர்ந்து வெடிக்கின்றன. ‘மை யங் ஆன்ட்டி’ (1981) இதற்கு நல்ல உதாரணம். சொத்தைப் பேராசைக்காரத் தம்பியிடமிருந்து காப்பாற்ற, முதியவர் ஒருவர் இளம்பெண்ணை மணந்துகொண்டு இறந்துபோகிறார். அந்த இளம் விதவை, வயதில் தன்னைவிட மிகப் பெரியவரான கணவரின் சகோதரர் மகன் வீட்டுக்கு வருகிறாள். உறவுமுறையில் அவள் மூத்தவள். நரைத்த மனிதர் அவள் காலில் விழ வேண்டும். தன்னைவிட வயதில் இளைய சித்தப்பாவையோ அத்தையையோ கல்யாண வீட்டில் முறையோடு அழைக்க வேண்டிவந்த தமிழர் யாருக்கும் இந்த நகைச்சுவையை விளக்க வேண்டியதில்லை. காரா ஹுய் இந்த வேடத்துக்காக, 1982-ல் நடந்த முதல் ஹாங்காங் திரைப்பட விருது விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றார். குங்ஃபூ நகைச்சுவைக்கு நடிப்பு விருது! இந்த ஒரு தகவலே இப்படம் இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டும் என்பதற்குப் போதுமான காரணம்.

லாவ் கார்-லியுங்கின் ‘ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்’ (1978) படத்தில் ஒருவர்கூடச் சாவதில்லை. சீனக் கணவனும் ஜப்பானிய மனைவியும் யாருடைய கலை உயர்ந்தது என்று சண்டையிட, அது இரு நாட்டு வீரர்களின் போட்டியாக வளர்கிறது. பழிவாங்கலே கதையாக இருந்த காலத்தில் இப்படி ஒரு படம் எடுக்கத் துணிவு வேண்டும்.

சாமோ ஹங் வேறு பள்ளி, உண்மையிலேயே பள்ளி. கவுலூனில் யு ஜிம்-யுவென் நடத்திய பீக்கிங் ஓபரா என்ற சீன இசைநாடகப் பள்ளியில் சிறுவயது முதல் குட்டிக்கரணமும் பாட்டும் சேர்த்துப் பயின்றவர். ஜாக்கி சானும் யுவென் பியாவும் அங்கேதான் வளர்ந்தார்கள். அந்தப் பயிற்சி எத்தனை கடுமையானது என்பது எல்லோரும் அறிந்தது. சாமோவின் நகைச்சுவை வலியை மறைப்பதில்லை. அடி விழும்போது நமக்கும் வலிக்கிறது, வலித்துக்கொண்டே சிரிக்கிறோம். பருத்த உடலோடு அவர் காற்றில் சுழலும்போது உடலைப் பற்றிய கேலி ஒரே நொடியில் வியப்பாக மாறுகிறது. ‘நாக்அபவுட்’ (1979), ‘தி விக்டிம்’ (1980), ‘தி ப்ராடிகல் சன்’ (1981) ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பாருங்கள். ‘நாக்அபவுட்’ யுவென் பியாவுக்குக் கிடைத்த முதல் பெரிய கதாநாயக வேடம். கயிறு தாண்டும் பயிற்சிக் காட்சியைப் பார்த்த பிறகு, இவர் ஏன் நண்பர்கள் இருவரைப்போல் உலகப் புகழ் பெறவில்லை என்ற கேள்வி உங்களையும் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, யுவென் குடும்பம். தந்தை யுவென் சியூ-டியென் 1979 ஜனவரியில் இறந்துவிட்டார். யுவென் வூ-பிங்கும் தம்பிகளும் தொடர்ந்து எடுத்த படங்கள் விசித்திரத்தை நோக்கிப் போயின. ‘ட்ரெட்நாட்’ (1981) படத்தில் யுவென் பியாவ் துணி துவைக்கும் வீட்டின் கோழைப் பையன். ஈரத்துணியைப் பிழிந்து உதறும் விரல் வித்தையே அவனுக்குத் தெரிந்த குங்ஃபூ. அதே படத்தில் ஒரு தையல்காரர், அளவெடுக்கும் சாக்கில் வோங் ஃபெய்-ஹுங்கைக் கொல்ல முயலும் காட்சி இருக்கிறது. ‘டர்ட்டி ஹோ’ விருந்துக் காட்சியோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உத்தி ஒன்று, மனநிலை வேறு. வோங் ஃபெய்-ஹுங்காக வருபவர் குவான் டாக்-ஹிங். 1949 முதல் அதே வேடத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். ‘தி மேக்னிஃபிசென்ட் புட்சர்’ (1979) படத்தில், எழுபதைத் தாண்டிய வயதில், தூரிகையால் எழுதிக்கொண்டே அவர் போடும் சண்டைக்காகவே அந்தப் படத்தைப் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: சண்டையை இரண்டாம் முறை ஒலியில்லாமல் பாருங்கள்

முதல் முறை படத்தை முழுதாக, நிறுத்தாமல் பாருங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த ஒரு சண்டையை மட்டும் ஒலியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். குத்தின் ‘டப்’ ஓசையும் விளையாட்டுத்தனமான இசையும் நம்மைச் சுலபமாக ஏமாற்றும். அவை இல்லாமலும் சிரிப்பு வருகிறது என்றால் அது உடலில் இருக்கிறது.

அப்போது கவனிக்க வேண்டியவை இவை. வெட்டில்லாமல் ஒரே ஷாட்டில் எத்தனை அசைவுகள் ஓடுகின்றன? பத்து, பதினைந்து அசைவுகள் தொடர்ந்து வந்தால் நடிகர்கள் உண்மையிலேயே தேர்ந்தவர்கள். முழு உடலும் திரையில் தெரிகிறதா? இருவருக்கும் இடையே ஒரு லயம் இருக்கிறதா, அந்த லயம் எங்கே உடைகிறது? உடையும் இடத்தில்தான் பெரும்பாலும் சிரிப்பு இருக்கும்.

கேமராவைச் சற்று மெதுவாக ஓட்டிப் படமெடுத்து, திரையில் வேகமாகக் காட்டும் வழக்கம் அன்று பரவலாக இருந்தது. இது மோசடி என்று கோபப்படும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் இல்லை. வேகத்தைக் கூட்டலாம், துல்லியத்தைக் கூட்ட முடியாது. மதுக்கோப்பை விரல்நுனியில் நிற்கிறது என்றால் அதை நிறுத்தியது மனிதக் கைதான். துணியும் தலைமுடியும் இயல்பை மீறிப் படபடக்கும் அளவுக்கு வேகம் ஏற்றப்பட்ட காட்சிகளை மட்டும் நான் குறை சொல்வேன்.

ஆறாம் படி: நடந்துகொண்டிருக்கும் வாதங்களைத் தெரிந்துகொண்டு உள்ளே வாருங்கள்

முதல் குங்ஃபூ நகைச்சுவை எது என்பது மிகப் பழைய வழக்கு. பலர் 1978-ஐச் சொல்வார்கள். நீங்கள் லாவ் கார்-லியுங்கின் முதல் படமான ‘தி ஸ்பிரிச்சுவல் பாக்சர்’ (1975) படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் வலுவாகப் பேசலாம். தெய்வங்கள் தன் உடலில் இறங்குவதாக ஊராரை ஏமாற்றிப் பிழைக்கும் ஒருவன் அதில் கதாநாயகன்; நடித்தவர் வோங் யு. சாமியாடுவதாக நடிக்கும் உடலும் உண்மையாகச் சண்டையிடும் உடலும் ஒன்றோடொன்று மோதுவதுதான் அதன் நகைச்சுவை. என் அளவுகோலின்படி இதுதான் முதல். எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் உண்டு: இந்தப் படம் ஒரு வகைமையைத் தோற்றுவிக்கவில்லை, 1978-க்குப் பிறகுதான் எல்லோரும் அந்தப் பாதையில் ஓடினார்கள். 1973-ல் புரூஸ் லீ மறைந்த பிறகு அவரைப்போல முறைத்துக்கொண்டே சண்டையிட்ட நாயகர்களின் படங்கள் சலித்துப்போனதும், அதே நேரத்தில் மைக்கேல் ஹுய்யின் கான்டனீஸ் நகைச்சுவைப் படங்கள் வசூலை வாரியதும் இந்த ஓட்டத்துக்குப் பின்னால் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த வாதம் ‘தி ப்ராடிகல் சன்’ பற்றியது. ஃபோஷான் ஊர்ப் பணக்காரரின் மகன் தன்னைப் பெரிய வீரன் என்று நம்புகிறான். அவன் சண்டையிடும் ஒவ்வொருவருக்கும் தோற்பதற்காக அவன் வீட்டார் ரகசியமாகப் பணம் கொடுத்துவிடுகிறார்கள். ஓபராவில் பெண் வேடம் போடும் ஒருவர் பணத்தை மறுத்து அவனை அடித்துத் துவைக்கும்போது உண்மை வெளியாகிறது. லாம் சிங்-யிங் அந்த நடிகர். ஆஸ்துமாவால் மூச்சுத் திணறும், விங் சுன் என்ற குங்ஃபூ வகையின் ஆசான். இதுவரை கலகலப்பு. பிறகு, ஒரே இரவில் நாடகக் குழுவே தீயிலும் வாளிலும் அழிகிறது. இங்கேதான் ரசிகர்கள் பிரிகிறார்கள். நகைச்சுவைப் படத்தில் இந்தப் படுகொலை எதற்கு என்று ஒரு தரப்பு கேட்கிறது.

என் பதில் இது. கொன்றவர்கள் யார் என்று பாருங்கள். இன்னொரு பெரிய வீட்டுப் பிள்ளையின் மெய்க்காவலர்கள். தங்கள் இளைய எஜமானரைத் தோற்கடிக்கக்கூடியவர்களை அவருக்கே தெரியாமல் ஒழித்துவிடுவது அவர்கள் வேலை. ஒரு வீட்டில் பணம் செய்ததை இன்னொரு வீட்டில் வாள் செய்கிறது. முன்பாதியில் நாம் சிரித்த அதே விஷயம்தான் பின்பாதியில் குடலைக் கலக்குகிறது. சிரிப்பையும் சண்டையையும் மட்டுமல்ல, சிரிப்பையும் சாவையும்கூடப் பிரிக்க முடியாதபடி சாமோ பின்னியிருக்கிறார். இதற்கு மாறாக ‘தி மேக்னிஃபிசென்ட் புட்சர்’ படத்தில் வரும் கொலையும் வன்முறையும் கேலிக்காட்சிகளுக்குப் பக்கத்தில் தனியே கிடக்கின்றன. அங்கே அந்தத் தரப்பின் புகாரை நான் ஒப்புக்கொள்கிறேன்.

வாதாடும்போது இரண்டு பழக்கங்களை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஜாக்கி சானோடு ஒப்பிடுவது ஒன்று. கோர்டன் லியுவிடம் ஏணியில் தாவும் துணிச்சலைத் தேடினால் அவர் விரல்கள் செய்வதைத் தவறவிடுவீர்கள். அரிதான படம் என்பதாலேயே ஒன்றைத் தூக்கிப்பிடிப்பது மற்றொன்று. யாரும் பார்க்காத படங்களில் பல, யாரும் பார்க்கத் தேவையில்லாதவை. 1978-க்குப் பிறகு கிழட்டு ஆசான், குறும்பு மாணவன், கொடிய உதைகாரன் என்ற அச்சில் அவசரமாக வார்க்கப்பட்டவை எத்தனையோ. ஒரு படத்தை ஆதரித்துப் பேசினால் ஒரு காட்சியைச் சுட்டிப் பேசுங்கள். எதிர்த்துப் பேசினாலும் அப்படியே.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெண்களையும், பெண்மை கலந்த ஆண்களையும், ஊனமுற்றவர்களையும் கேலி செய்யும் இடங்கள் இந்தப் படங்களில் நிறைய. அவற்றைக் காலத்தின் பேரில் மன்னித்துவிட வேண்டும் என்று யாரும் உங்களை வற்புறுத்த முடியாது. ‘ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ’ படத்தில் பூனையும் நாகமும் மோதும் காட்சி நிஜமானது. விலங்குகளின் துன்பத்தைப் பார்க்க முடியாதவர்கள் அந்த இடத்தைத் தாண்டிச் செல்லலாம்.

ஏழாம் படி: இந்த வரிசையில் பாருங்கள்

‘டிரங்கன் மாஸ்டர்’, ‘டர்ட்டி ஹோ’, ‘நாக்அபவுட்’, ‘மை யங் ஆன்ட்டி’, ‘தி ப்ராடிகல் சன்’, ‘ட்ரெட்நாட்’. இந்த ஆறும் அடித்தளம். ‘தி ஸ்பிரிச்சுவல் பாக்சர்’, ‘மேட் மங்கி குங்ஃபூ’, ‘ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்’ மூன்றும் அடுத்த சுற்று. மாயமந்திரம் பிடிக்கும் என்றால் யுவென் சகோதரர்களின் ‘தி மிராக்கிள் ஃபைட்டர்ஸ்’ (1982) சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து பார்க்க ஒரு படம் வேண்டும் என்றால் ‘ஆட் கப்புள்’ (1979). வாள் வீரர் ஒருவரும் ஈட்டி வீரர் ஒருவரும் ஆண்டுதோறும் மோதுகிறார்கள், யாரும் ஜெயிப்பதில்லை. வயதாகிவிட்டதால் ஆளுக்கொரு சீடனைத் தயார்செய்து மோதவிடத் தீர்மானிக்கிறார்கள். சாமோ ஹங் வாள் ஆசான், லாவ் கார்-விங் ஈட்டி ஆசான். ஈட்டி ஆசானின் சீடனாக வருபவரும் சாமோ. வாள் ஆசானின் சீடனாக வருபவரும் லாவ் கார்-விங். லாவ் கார்-லியுங்கின் தம்பியான அவரே படத்தின் இயக்குநர். இரு குடும்பங்களும் இந்தப் படத்தில் நேருக்கு நேர் நிற்கின்றன. பார்க்கத் தொடங்கும் முன் ஆளுக்கொரு ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆயுதத்தின் சண்டை நன்றாக அமைந்தது என்று படம் முடிந்ததும் காட்சிகளைச் சுட்டிக்காட்டி வாதாடுங்கள். நான் ஈட்டியின் பக்கம்.